பந்தக்கால் நட்ட அன்று வந்த மெயில்

பாப்பாவுக்கு,

மண்டபத்து வாசலில் காரில் ஏறுவதற்கு முன் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாய். "உனக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமே இல்லதானேப்பா? இப்பவாவது சொல்லிடு." பின்னால் மாப்பிள்ளை வீட்டு வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. உன் தலையில் கை வைத்தேன், அவ்வளவுதான். நீ என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டாய். பெங்களூரு போய்ச் சேர்ந்ததிலிருந்து அம்மாவுக்கு மட்டும்தான் போன் செய்கிறாய். அப்பா எப்படி இருக்கார் என்று அவளிடம் கேட்கிறாய். நான் பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

உன் கேள்விக்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்தக் கல்யாணத்தில் முழு இஷ்டம். மாப்பிள்ளையையும் பிடிக்கும். அவர் வேறு சாதி என்பதால் கல்யாணத்தன்று என் முகம் இறுகிப்போயிருந்தது என்று பந்தியில் நம் சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது. அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. உனக்குச் சொல்ல வேண்டும். நான் அந்த நாட்களில் மரத்துப் போயிருந்தேன். இன்னும் பாதி அப்படித்தான் இருக்கிறேன். அதற்குக் காரணம் நீ இல்லை.

இதை வாட்ஸப்பில் அனுப்பாமல் ஊர் உலகம் பார்க்கிற என் நிரலின் இணையப் பக்கத்தில் போடுகிறேனே என்று கோபப்படாதே. நீயே ஒருமுறை திட்டியிருக்கிறாய். "முன்னபின்ன தெரியாத எவனோ கேட்டா மூணு பக்கம் பதில் எழுதற. நாங்க கேட்டா உம்முங்கற." அது உண்மைதான். ஓப்பன் சோர்ஸ் என்று யாரும் எடுத்துக்கொள்ளும்படி நிரல் எழுதிப் போட்டு இத்தனை வருஷம் குப்பை கொட்டியதில் எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. எதையும் எல்லோரும் பார்க்கும்படி எழுதினால்தான் எனக்குக் கை ஓடும். தனியாகப் பேசு என்றால் வாய் அடைத்துக்கொள்ளும். அதோடு, இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்கள் பிகாஷ் எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் இதுதான் பதில். தமிழ் தெரியாதவர்கள் மெஷினில் போட்டு மொழிபெயர்த்துக்கொள்ளட்டும்.

பிகாஷ் யார் என்று உனக்கு ஓரளவுக்குத் தெரியும். அப்பாவின் நேபாள ஃபிரெண்டு என்று கிண்டல் செய்வாய். உன் பள்ளிக்கூட நாட்களில் ஒரு சான்றிதழுக்காகக் கீழ்பென்னாத்தூரில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போக வேண்டியிருந்தது. எனக்கு முன்னால் ஒரு அம்மா பெரிய ஃபாரம் ஒன்றைப் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சொல்லி நிரப்பிக்கொண்டிருந்தார். கடைசிப் பெட்டிக்கு வரும்போது நெட் போய்விட்டது. திரும்பி வந்தபோது ஃபாரம் முழுக்க வெறுமையாக இருந்தது. அந்த அம்மா கோபப்படவே இல்லை, முதலிலிருந்து தன் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார். எனக்குத்தான் ஆத்திரம் வந்தது. வீட்டுக்கு வந்து, நெட் போனாலும் எழுதியது அழியாமல் வைத்திருக்கிற ஒரு சின்ன நிரலை எழுதினேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் போட்டேன். அதில் தப்பு கண்டுபிடித்து எழுதிய முதல் ஆள் பிகாஷ். அவன் ஊரில் மழை பெய்தால் நெட் வாரக்கணக்கில் வராதாம். அதனால் என் நிரல் எங்கெங்கே ஓட்டையாக இருக்கிறது என்று என்னைவிட அவனுக்குத்தான் நன்றாகத் தெரிந்தது.

அப்போதிலிருந்து பன்னிரண்டு வருஷம் சேர்ந்து வேலை செய்தோம். நேரில் பார்த்ததில்லை. ஒரே ஒருமுறை வீடியோவில் பேச முயன்றோம். அவன் பேசின இங்கிலீஷ் எனக்குப் புரியவில்லை, நான் பேசினது அவனுக்குப் புரியவில்லை. சிரித்துவிட்டு மறுபடி எழுத்துக்கே போய்விட்டோம். கார்த்திகை தீபத்தன்று நம் மொட்டை மாடியிலிருந்து எடுத்த மலைப் படத்தை அனுப்பினால், "இதையா மலை என்கிறீர்கள்? எங்கள் ஊரில் இந்த அளவுக்கெல்லாம் பெயரே வைக்க மாட்டோம்" என்பான். அப்புறம், சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோமோ என்று பயந்து, தன் பேரில் ஒரு கும்பிடு போட்டுவிடச் சொல்லி எழுதுவான். போட்டிருக்கிறேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு விதி இருந்தது. அவன் எழுதியதை நான் படித்துச் சரி சொல்ல வேண்டும், நான் எழுதியதை அவன் படித்துச் சரி சொல்ல வேண்டும். இன்னொருவர் கண் படாமல் ஒரு வரிகூட உள்ளே போகக் கூடாது. இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதில் உருப்படியானது இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. மற்றதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கிறது. நீயும் இதே வேலையில் இருக்கிறாய், உனக்கே தெரியும். உங்கள் கம்பெனியில் ஒரு ஃபிரேம்வொர்க்கில் பாதி வேலை முடிவதற்குள் அடுத்ததுக்குப் போகலாமா என்று மீட்டிங் போடுகிறீர்கள்.

ஃபிரேம்வொர்க், அதாவது யாரோ கட்டி வைத்த நிரலுக்குள் நம்முடையதை எழுதுவது, கல்யாண மண்டபம் பிடிப்பது மாதிரி. பாத்திரம், விளக்கு, ஜெனரேட்டர், சமையல்காரர் எல்லாம் மண்டபத்தோடு வந்துவிடும். நமக்கு அலைச்சல் கம்மி. ஆனால் ரசத்தில் பூண்டைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று உன் அம்மா சொன்னதற்கு அந்தச் சமையல்காரர் என்ன சொன்னார்? "இங்க எல்லாருக்கும் இப்டித்தாம்மா." அதுதான் விஷயம். அவர் பூண்டை நாம் சாப்பிட வேண்டும். மண்டபத்துக்காரர் நடுவில் இடித்துக் கட்ட ஆரம்பித்தால் பந்தியில் இருக்கிறவர்கள் இலையோடு எழுந்திருக்க வேண்டும். நாங்கள் நம்பியிருந்த ஃபிரேம்வொர்க் அப்படித்தான் ஒவ்வொரு பெரிய பதிப்பிலும் சுவரை மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தது. எங்கள் நிரலோ ஒரு ஃபாரத்தில் எழுதியதைப் பத்திரமாக வைத்திருக்கிற சின்ன விஷயம். அதற்கு மண்டபமே தேவையில்லை, நம் வீட்டு வாசலே போதும் என்பது பிகாஷின் கட்சி. என் கட்சி வேறு. ஃபிரேம்வொர்க் பெயர் பலகையில் இருந்தால்தான் இளவட்டங்கள் உதவி செய்ய வருவார்கள், அதை எடுத்துவிட்டால் நாம் இரண்டு கிழடுகள் மட்டும் உட்கார்ந்திருப்போம் என்பேன். அவன் என்னைவிடச் சின்னவன், கிழடு என்றால் கோபம் வரும்.

உதவி செய்ய வருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓப்பன் சோர்ஸ் சமூகம் என்றால் எல்லோரும் கைகோத்துக்கொண்டு நிற்பதுபோலப் படம் போடுகிறார்கள். நான் பார்த்தது வேறு. ஆயிரம் பேர் எடுத்துக்கொண்டு போவார்கள், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பத்து பேர் ஓட்டலில் தோசை ஆர்டர் செய்தவன் சர்வரை அதட்டுகிற மாதிரி அதட்டுவார்கள். ஒருவன் வந்து உட்கார்ந்து மாவாட்டுவான். அந்த ஒருவனுக்காகத்தான் மற்றதையெல்லாம் பொறுத்துக்கொள்கிறோம். எனக்கு வந்த ஒருவன் பிகாஷ். அதட்டுகிறவர்களுக்கும் அவன் பொறுமையாகத்தான் பதில் எழுதுவான். நான் சுருக்கென்று ஏதாவது எழுதிவிட்டால், பின்னாலேயே வந்து இரண்டு நல்ல வார்த்தை சேர்த்துவிட்டுப் போவான்.

செங்கம் ரோட்டில் அந்த காபி கடையில் நீ மாப்பிள்ளையைப் பற்றி என்னிடம் சொன்ன நாள் உனக்கு நினைவிருக்கும். பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவர் தியானத்தைக் கெடுக்கக் கூடாது என்று நீ ரகசியக் குரலில் பேசினாய். சொல்லி முடித்ததும் நான் "யோசிக்கிறேன்"னு சொன்னேன். உன் முகம் வாடிவிட்டது. ஆனால் நான் உண்மையிலேயே யோசிக்கத்தான் போனேன். அன்று சாயங்காலமே பிகாஷுக்கு எழுதினேன். அம்மாவிடம் சொல்வதற்கு முன்னாலேயே. இது தப்புதான், அவளிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் என் கண் மட்டும் பட்டு ஒரு முடிவும் எடுக்கக் கூடாது என்று பழகிவிட்டது. பையன் யார், என்ன வேலை, சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று மூன்று பாரா எழுதினேன். அவன் எழுதின பதில் இது. "இதனால் ஏதாவது உடைகிறதா? உடைகிற மாதிரி எனக்குத் தெரியவில்லை. உங்கள் மகள் நன்றாகச் சோதித்துத்தான் கொண்டு வந்திருக்கிறாள். என் பக்கம் சரி." மறுநாள் காலையில் நான் உனக்குச் சரி சொன்னேன். உன் கல்யாணத்துக்கு முதலில் சம்மதம் சொன்ன ஆள் அவன்தான்.

அதற்குப் பிறகுதான் எங்களுக்குள் சண்டை வந்தது. ஃபிரேம்வொர்க்கை மொத்தமாக எடுத்துவிட்டு வெறும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எல்லாவற்றையும் திருப்பி எழுதி, படித்துச் சரி சொல்லுங்கள் என்று போட்டிருந்தான். என்னைக் கேட்காமல் இவ்வளவு வேலை செய்துவிட்டானே என்று எனக்குக் கடுப்பு. உள்ளே என்ன எழுதியிருக்கிறான் என்று பார்க்காமலேயே, புரட்டாசி மாதத்தில் ஏன் கூடாது என்று நீளமாக எழுதினேன். ஒரு வாரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு வரி வந்தது. "நன்றி. பார்த்துவிட்டுச் சொல்கிறேன்." எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு எழுதினதுக்கு ஒரு வரியா என்று இன்னும் சூடாக எழுதினேன். மறுபடி ஒரு வாரம் கழித்து அதே வரி. சரி, அவனுக்கு முகம் கொடுத்துப் பேசப் பிடிக்கவில்லை, நானும் பேசப் போவதில்லை என்று இருந்துவிட்டேன். உனக்குப் பத்திரிகை அடித்து வந்ததும்தான் மனசு கேட்கவில்லை. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி ஒரு பத்திரிகையைப் படம் பிடித்து மெயிலில் அனுப்பினேன். கல்யாணத்துக்கு வந்தால் நேரில் சண்டை போட்டுக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தேன்.

பந்தக்கால் நட்ட அன்று காலையில் வாசலில் நவதானியம் போட்டு, பால் ஊற்றி, எல்லோரும் மூங்கிலுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தோம். நீ பச்சைப் புடவையில் பின்னால் நின்றிருந்தாய். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பிகாஷின் பெயரைப் பார்த்ததும் சந்தோஷமாக எடுத்தேன். எழுதியிருந்தது அவன் தம்பி. அண்ணன் இல்லை, ஆவணி மழையிலேயே போய்விட்டார், கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார், பத்திரிகை மிகவும் அழகாக இருக்கிறது, பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும் என்று எழுதியிருந்தார். என் விரலில் இருந்த மஞ்சள் திரையெல்லாம் அப்பிக்கொண்டது. உன் தாய்மாமன் கூப்பிட்டான். "இன்னா மாமா, இந்த நேரத்துல போன்? வா, வந்து கம்பத்த புடி. பந்தக்கால் நட்டாச்சுன்னா இனிமே எந்த சாவுக்கும் போவக் கூடாது. காதுல உழுந்தாலும் உழாத மாதிரி இருக்கணும், தெரிதா?" அவன் பொதுவாகத்தான் சொன்னான். நான் போனைப் பையில் போட்டுக்கொண்டு போய்க் கம்பத்தைப் பிடித்தேன்.

அந்த நிமிஷத்தில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அழுகை வரவில்லை. ஆவணியிலேயே போனவன் புரட்டாசியில் எனக்கு எப்படிப் பதில் எழுதினான் என்றுதான் யோசித்தேன். அப்போதுதான் புரிந்தது. யாராவது எழுதி ஒரு வாரத்துக்குள் பதில் போகாவிட்டால், கேட்டவர்கள் மனம் நோகாமல் இருக்க ஒரு வரி தானாகப் போகும்படி எங்கள் பக்கத்தில் ஏற்பாடு இருக்கிறது. மனிதன் பேசுகிற மாதிரி இருக்கட்டும் என்று அவன் பெயரிலேயே போகும்படி வைத்திருந்தோம். அந்த வரியை எழுதியவன் நான். நன்றி, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்பது நான் எழுதிய வாசகம். என் வாசகத்தையே எனக்கு அடையாளம் தெரியவில்லை. செத்துப்போனவனோடு கோபித்துக்கொண்டு, நான் எழுதி வைத்த பதிலுக்கு நானே சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதை யாரிடம் சொல்வது? சொல்லியிருந்தால் என்ன கேட்டிருப்பார்கள்? சொந்தமா, இல்லை. பார்த்திருக்கிறாயா, இல்லை. எந்த ஊர் என்றால் அதையும் சரியாகச் சொல்லத் தெரியாது. கல்யாண வீட்டில் சாவுச் சேதியைக் கொண்டு வந்தான் என்ற பேர் மட்டும் மிஞ்சும். அதனால் வாயை மூடிக்கொண்டேன். மூடின வாயோடு சேர்ந்து மற்றதும் மூடிக்கொண்டது. நலங்கு வைக்கும்போது உன் கன்னத்தில் சந்தனம் தடவினேன், கை தடவியது, நான் அங்கே இல்லை. மேடையில் போட்டோக்காரர் "சார், பொண்ணோட அப்பா, கொஞ்சம் சிரிங்க சார்"னு மூன்று தடவை சொன்னார். சிரித்ததாகத்தான் நினைத்தேன். ஆல்பத்தில் பார்த்தால் யாரோ வழி கேட்க வந்தவன் மாதிரி நிற்கிறேன். உன் பக்கத்தில் அப்படி ஒரு மூஞ்சி இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தப் படங்களை எடுத்துவிடச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

நேற்றுதான் உன் அம்மாவிடம் சொன்னேன். பந்தலைப் பிரித்தாகிவிட்டது, இனிமேல் சொல்லலாம் என்று தோன்றியது. அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "மொதல்ல தலைக்குத் தண்ணி ஊத்திக்கினு வாங்க" என்றாள். சொந்தம் இல்லையே என்றேன். "பன்னெண்டு வருஷமா தெனம் பேசினவரு சொந்தம் இல்லாம இன்னா? போங்க" என்று விரட்டினாள். போய் ஊற்றிக்கொண்டேன். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. பல நாளுக்குப் பிறகு ஒன்று ஜில்லென்று இருப்பது எனக்குத் தெரிந்தது. துவட்டிக்கொண்டு வந்தால் அவள் பிகாஷின் அம்மாவைப் பற்றி விசாரித்தாள், அவனுக்குக் குழந்தைகள் உண்டா என்று கேட்டாள். எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் நான் கேட்டதே இல்லை. "புள்ள உங்கள தப்பா நெனச்சிக்கினு போயிருக்கா. நான் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

உனக்குப் புத்தி சொல்கிற நிலைமையில் நான் இல்லை. ஆனாலும் அப்பன்காரன் சும்மா இருக்க முடியுமா? எந்த ஃபிரேம்வொர்க்கையும் கழற்றுகிற நாள் வரும் என்று நினைத்துக்கொண்டே மாட்டு. உன் நிரலை இன்னொருவர் படிக்காமல் அனுப்பாதே. கூட வேலை செய்கிறவர்களின் அம்மா பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள். மாப்பிள்ளை ஏதாவது கேட்டால் தானாக வருகிற பதிலைச் சொல்லாதே. நம் வீட்டில் நான் பல வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். யோசிக்கிறேன், பார்க்கலாம், உம். உனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று, பிகாஷ் பெயரில் இரண்டு தடவை அந்த ஒரு வரி வந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

பிகாஷ் கடைசியாக எழுதிப் போட்டது இன்னும் என் சம்மதத்துக்காகக் காத்திருக்கிறது. இப்போதுதான் முழுசாகப் படித்தேன். அவன் சொன்னது சரி, மண்டபமே தேவையில்லை. பழையதில் பாதிகூட இல்லாத நிரல், சுத்தமாக ஓடுகிறது. என் பக்கம் சரி என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அழுத்தவில்லை. அழுத்திவிட்டால் அவனிடமிருந்து எனக்காகக் காத்திருப்பது எதுவும் இருக்காது. அவன் பெயரில் தானாகப் போகிற அந்த வரியையும் இன்னும் நிறுத்தவில்லை. நேற்றுகூட யாருக்கோ பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று போயிருக்கிறது.

தாலி பிரித்துக் கோர்க்க அடுத்த மாதம் வருவீர்கள் என்று அம்மா சொன்னாள். அந்தச் சடங்கெல்லாம் முடியட்டும். அம்மா சமையலறைக்கும் மாப்பிள்ளை மொட்டை மாடிக்கும் போன பிறகு, நீ என் அறைக்கு வந்து பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார். நான் போக ஒரு சாவு வீடு இல்லை. என்னிடம் துக்கம் கேட்கவும் இதுவரை யாரும் வரவில்லை. இந்த வீட்டில் நாங்கள் செய்த வேலை இன்னதென்று தெரிந்த ஆள் நீ ஒருத்திதான். நம் பக்கத்தில் துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் கேட்பார்களே, எப்படி ஆச்சு என்று, அதை மட்டும் கேள். நான் முதலிலிருந்து சொல்கிறேன். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் பொத்தானை அழுத்தலாம். யாராவது கேட்டால்தான் எனக்கு அழுகை வரும் போலிருக்கிறது. நீ வந்து கேள்.

அப்பா